பவளத் தொட்டியில் பாசி வெள்ளாமை: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைய முழுமையான வழிகாட்டி

"கீட்டோ வாங்கிப் போட்டு ஒரு மாசம் ஆச்சு. நைட்ரேட் அப்படியே நிக்குதுங்க."

"எத்தனை தடவை அறுத்தீங்க?"

"அறுக்கவே இல்லையே. நல்லா வளரட்டும்னு விட்டு வெச்சிருக்கேன்."

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்தில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சு எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது. கீட்டோ ஒரு கடல் பாசி. பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த உடம்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் போடும் நாளில்தான் உங்கள் கணக்கில் எதுவும் குறையும். ஆகவே இதை அலங்காரச் செடியாகப் பார்க்காமல் கீரைப் பாத்தியாகப் பாருங்கள். கீழே உள்ள வரிசை முக்கியம். பெரும்பாலோர் 6-ஆவது படியில், அதாவது பாசி போடுவதில், ஆரம்பித்துவிட்டு, பிறகு 1-க்கு வருகிறார்கள்.

என் தொட்டியும் சம்ப்பும் (கீழே வைக்கும் வடிகட்டுத் தொட்டி) சேர்ந்து 200 லிட்டர். கணக்கெல்லாம் அந்த அளவுக்குத்தான் சொல்கிறேன். உங்களுடையதற்கு ஏற்றபடி பெருக்கியோ வகுத்தோ கொள்ளுங்கள்.

1. முதல் 2 வாரம் அளந்து எழுதுங்கள்

நைட்ரேட், பாஸ்பேட், ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) மூன்றையும் வாரத்துக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏறுகிறதா, நிற்கிறதா என்பதே தேவை.

இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, சில நைட்ரேட் கிட்களில் ஒரு பாட்டிலின் மருந்து அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் விட்டால் 30 இருக்க வேண்டிய இடத்தில் 5 காட்டும். இரண்டாவது, பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும் டிஜிட்டல் மீட்டர். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். மீட்டர் 20 என்றால் பாஸ்பேட் 0.06. மூன்றாவது, பாறை முழுக்க மயிர்ப்பாசி, ஆனால் அளவு பூஜ்யம். "என் தண்ணீர் சுத்தம்" என்று சந்தோஷப்படாதீர்கள். வருவதையெல்லாம் அந்த மயிர்ப்பாசியே தின்றுகொண்டிருக்கிறது.

எந்த எண் நோக்கி நடக்கிறோம்? பெரும்பாலான கலப்புப் பவளத் தொட்டிகளுக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்றால் போதும். பூஜ்யம் நம் இலக்கு அல்ல. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதே வாரத்தில் ஊற்றும் தண்ணீரையும் சோதியுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரை நேராக ஊற்றினால் எந்தப் பாசியும் காப்பாற்றாது. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் தொட்டிக்கு ஆகாது. வீட்டு ஆர்ஓ மட்டும் போதாது, அதற்குப் பின்னால் மிச்ச உப்பைப் பிடிக்கும் ஒரு டிஐ குடுவையும் வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டவும் அதேதான். காற்று காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் தினமும் ஊற்ற வேண்டியிருப்பதால், அதில் இருக்கும் சிறு அழுக்கும் சேர்ந்துகொண்டே போகும்.

2. தீனியைக் கணக்குப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆனால் உங்களுக்குப் பாசி போதுமா, போதாதா என்பது இங்கே தெரிந்துவிடும்.

பாதி புரதம் உள்ள காய்ந்த மீன் தீனி 1 கிராம் போட்டால், அதில் சுமார் 0.08 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் 0.35 கிராம். 200 லிட்டர் தண்ணீரில் அது 1.8 பிபிஎம். ஒரு வாரத்துக்கு 12 பிபிஎம்முக்கு மேல் போய்விடும்.

இப்போது மறுபக்கம். ஈரத்தோடு 100 கிராம் பாசியைக் காயவைத்தால் தோராயமாக 10 கிராம் மிஞ்சும். அதில் 3 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால் 0.3 கிராம், அதாவது 1.3 கிராம் நைட்ரேட். 200 லிட்டரில் ஆறரை பிபிஎம். ஆக, தினம் 1 கிராம் தீனி போடுபவர் பாசியை மட்டும் நம்பினால் வாரத்துக்கு 190 கிராம் அறுக்க வேண்டும்!

நடைமுறையில் அவ்வளவு தேவைப்படாது. ஒரு பங்கை, நுரையோடு கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எடுக்கும், ஒரு பங்கைப் பாறைக்குள் இருக்கும் பாக்டீரியா வாயுவாக்கி வெளியேற்றும், ஒரு பங்கு மீனின் உடம்பில் சேரும். இருந்தாலும் கைப்பிடிப் பாசியை வைத்துக்கொண்டு மூன்று வேளை தீனி போடுபவருக்கு ஏன் எண் இறங்கவில்லை என்பது இந்தக் கணக்கில் புரிந்துவிடும்.

3. எந்தப் பாசி

கீட்டோமார்ஃபா, சுருக்கமாக கீட்டோ. பாத்திரம் தேய்க்கும் நைலான் நார் மாதிரி பச்சையாகச் சுருண்டு கிடக்கும். பாறையில் வேர் பிடிக்காது, திடீரென்று செத்து விழுவது குறைவு, அள்ளுவது சுலபம். முதல் தடவை செய்பவருக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

காலர்ப்பா வேகமாக வளரும், பார்க்கவும் அழகு. ஆனால் ஓடுதண்டு போட்டுப் பாறையைப் பிடித்துக்கொண்டால் லேசில் போகாது. அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது ஒரே இரவில் உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெளிறிச் செத்துப்போகும். மாதக்கணக்கில் உறிஞ்சியதெல்லாம் காலையில் தொட்டிக்குள் திரும்பியிருக்கும்.

கிராசிலேரியாவை ராமநாதபுரம் கரையில் கஞ்சிப்பாசி என்பார்கள். சிவப்பு வகை மெதுவாகத்தான் வளரும். சர்ஜன் மீன்களுக்கு நல்ல தீனி, ஆனால் நைட்ரேட்டைக் குறைப்பதற்கென்றே வளர்க்க இது ஏற்றதல்ல.

"தொண்டி பக்கத்தில்தானே இருக்கு, போய் அள்ளிக்கொண்டு வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கடலிலிருந்து நேராக வரும் பாசியோடு என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே கை வைக்கக் கூடாது. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம். இன்னொரு தொட்டியில் வளர்ந்த கீட்டோ ஒரு கைப்பிடி கிடைத்தால் அதுவே மேல்.

என் அப்பத்தா கேட்டது இதைவிட நல்ல கேள்வி. "ஏண்டா, காசு குடுத்தா பாசி வாங்குறே? நம்ம ஊருணியில கெடக்கு, ஒரு கூடை அள்ளிக்கிட்டு வரவா?" ஊருணிப் பாசி நன்னீரில் வாழ்வது. உப்புத் தண்ணீரில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் அழுகிவிடும் என்று விளக்கினேன். அவருக்கு அப்போதும் மனம் ஆறவில்லை.

4. இடம்: சம்ப்பில் ஒரு அறை

பாசியை மீன் இருக்கும் தொட்டியில் போடாமல் சம்ப்பில் தனி அறையில் வையுங்கள். மீன் கொத்தாது, விளக்கைத் தனியாக ஓட்டலாம், கையை விட்டு அள்ளலாம். சம்ப் இல்லாதவர்கள் தொட்டியின் பின்புறம் தொங்கும் பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

அறைகளின் வரிசை: மேலிருந்து இறங்கும் தண்ணீர் முதலில் ஃபில்டர் சாக்கை (வடிகட்டும் துணிப் பை) தாண்டட்டும், அடுத்து ஸ்கிம்மர், அதன் பிறகு பாசி அறை, கடைசியில் மோட்டார். சாக்கைத் தாண்டாமல் வரும் தீனித் துகளும் மீன் கழிவும் பாசியின் நடுவில் சிக்கி அங்கேயே அழுகும். கழிவைக் குறைக்க வைத்த பாசியே கழிவு மூட்டையாகிவிடும்.

மின்சாரம் நின்றால் மேல் தொட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் சம்ப்புக்கு இறங்குகிறது என்பதை மோட்டாரை நிறுத்திப் பார்த்து, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பாசி வளர வளர இடத்தை அடைக்கும், அதனால் கோட்டுக்கு மேலும் ஒரு சாண் காலியாக இருக்கட்டும்.

ஆத்தங்குடித் தரை உள்ள வீடா? சம்ப்புக்கு அடியில் ஓரம் தூக்கிய ஒரு பிளாஸ்டிக் தட்டு இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். இதை எழுதும் இடத்திலிருந்து பார்த்தால் என் சம்ப்பின் இடது காலருகே இரண்டு கல் தெரிகிறது. மற்றவற்றில் சிவப்பும் பச்சையும் பளபளக்க, அந்த இரண்டில் மட்டும் பூ வெளுத்து, விரலால் தடவினால் மாவு போல ஒட்டும். ஒன்று, உப்புத் தண்ணீர் சொட்டிக் கெட்டது. இன்னொன்று நானே கெடுத்தது. மோட்டாரைக் கழுவ வைத்திருந்த வினிகர் வாளியைத் தரையில் வைத்தேன், சிந்தியது. அது சிமெண்டுக் கல், புளிப்பு பட்டால் மேற்பரப்பை அரித்துவிடும். வினிகர் வேலையெல்லாம் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. விளக்கும் ஓட்டமும், பாசி வருவதற்கு முன்பே

பாசியை வாங்கி வைத்துவிட்டு விளக்கு தேடுபவர்கள் அநேகம். அந்த ஒரு வாரத்தில் பாசி பாதி வெளுத்துவிடும். விளக்கு முதலில் எரியட்டும்.

200 லிட்டர் தொட்டிக்கு 20 முதல் 30 வாட் எல்இடி போதும். செடி வளர்ப்பதற்கான சிவப்பும் நீலமும் கலந்த விளக்கு நன்றாக வேலை செய்யும். வெளியே மாட்டும் சாதாரண வெள்ளை ஃபிளட் லைட்டும் வளர்க்கும். மேலே பவளத்துக்குப் போடும் நீல விளக்கை இங்கே போட்டு ஏமாறாதீர்கள், வளர்ச்சி மந்தமாக இருக்கும். விளக்கு அறைக்கு வெளியே கசியாமல் கறுப்பு அட்டை வைத்து மறைக்க வேண்டும். இல்லையென்றால் பக்கத்து அறைக் கண்ணாடியிலும் மோட்டாரிலும் வேண்டாத பாசி ஏறும்.

முற்றத்து வெயில் இலவசம்தானே என்று தோன்றும். வளவு வீட்டில் வாழ்ந்தவர் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. வெயில் ஒளியோடு சூட்டையும் கொண்டுவருகிறது. தொட்டி 25 முதல் 27 டிகிரியில் இருக்க வேண்டும், சித்திரையில் முற்றத்து ஓரம் வைத்த சம்ப் மதியத்துக்குள் 31 தொட்டது. பவளம் அந்தச் சூட்டில் வெளுக்கத் தொடங்கும். இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே தள்ளிய அறையே நல்லது.

நேரம்: 12 முதல் 16 மணி நேரம், மேல் விளக்கு அணைந்த பிறகு இரவில். மேலே இருட்டான நேரத்தில் எல்லா உயிரும் மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடு கூடும், பிஎச் இறங்கும். கீழே பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்வதால் இறக்கம் குறைகிறது. செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

விளக்கின் வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். அந்த இணைப்புக்கு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம். உப்புத் தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன, இதில் சிக்கனம் வேண்டாம்.

தண்ணீர் ஓட்டத்துக்கு வருவோம். கீட்டோ உருண்டை அறைக்குள் மெதுவாகப் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் மேல்பாகம் மட்டும் ஒளி வாங்கி, அடிப்பாகம் பழுப்பேறிக் குழையும். தண்ணீரைத் தள்ளும் சின்ன வேவ் மேக்கர் ஒன்றை அறையின் அடியில், சுவரை நோக்கி வைத்தால் உருண்டை சுழலும்.

அறையின் வெளிவாயில் கட்டாயம் வலை வேண்டும். கொசுவலை மாதிரி நெருக்கமாக வேண்டாம், அடைத்துக்கொள்ளும். முட்டைத் தட்டு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் பிளாஸ்டிக் பலகை சரி. நான் வலை வைக்காமல் ஓட்டினேன். ஒரு நார் மோட்டாருக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு, திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த இரண்டு நாளும் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை.

6. இப்போது பாசி

சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வருவதென்றால், இரவு வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஈரத்துணியில் சுற்றியோ கொஞ்சம் கடல் தண்ணீரோடோ வந்தால் போதும், நிறையத் தண்ணீர் தேவையில்லை.

வந்ததும் நேரே சம்ப்பில் போடாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வெள்ளை வாளியில் ஊற்றி, அதில் பாசியைப் பிரித்து அலசுங்கள். நல்ல தண்ணீரில் அலசக் கூடாது, செல் வெடித்துக் குழையலாம். வெள்ளை வாளி எதற்கென்றால், உதிர்வது கண்ணுக்குத் தெரியும். பச்சைப் பாசிமணி போல உருண்டையாக ஏதாவது மின்னினால் அது குமிழிப் பாசி, நசுக்காமல் அந்தப் பகுதியோடு கிள்ளி எறியுங்கள். பழுப்பாக, பூ விரித்த மாதிரி சின்ன ஐப்டேசியா (களையாகப் பரவும் கடல் அனிமோன்) இருந்தாலும் அப்படித்தான். துள்ளும் சின்னஞ்சிறு இறால் மாதிரிப் பூச்சிகள் நல்லவை, இருக்கட்டும்.

ஒரு தேங்காய் அளவு போதும். அதற்கு மேல் வாங்கிப் போட்டால் நடுவில் ஒளி போகாது. முதல் 3 நாள் விளக்கு 6 மணி நேரம், பிறகு இரண்டிரண்டு மணியாகக் கூட்டி 12-க்குப் போங்கள். போடும் முன் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்.

7. முதல் மூன்று வாரம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இடம் மாறிய பாசி ஒரு வாரம் சும்மா கிடக்கும், சில நார் வெளுக்கும். வெளுத்ததை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இந்தக் காலத்தில் பாஸ்பேட் உறிஞ்சும் மருந்து, பாக்டீரியாவை வளர்க்க வோட்கா, வினிகர் ஊற்றும் வைத்தியம் எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். எல்லாம் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடும், எது வேலை செய்கிறது என்றும் தெரியாமல் போகும்.

மூன்று வாரம் கழித்தும் எடை கூடவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள். ஒளி போதுமா? உருண்டை புரள்கிறதா? நைட்ரேட் பூஜ்யமாகி பாஸ்பேட் மட்டும் 0.2-இல் நிற்கிறதா? கடைசியாகச் சொன்னது அடிக்கடி வரும் சிக்கல். பாசி ஒரு பங்கு பாஸ்பரஸுக்குச் சுமார் 30 பங்கு நைட்ரஜன் அணுக்களைக் கேட்கிறது. நைட்ரஜன் தீர்ந்தால் பாஸ்பேட்டையும் தொடாது. அப்போது தீனியைக் கொஞ்சம் கூட்டினாலே பாசி மறுபடி கிளம்பும். அதுவும் சரியாக இருந்து நிறம் மட்டும் மஞ்சளித்தால் இரும்புச் சத்துக் குறைவு. வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இரும்பு மருந்து ஊற்றுவதானால் பாட்டிலில் எழுதியிருப்பதில் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

பாஸ்பேட் இறங்கத் தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பாறை பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறைய அது மெல்ல விட்டுக்கொடுக்கும். பாசி வேலை செய்யும், எண் மட்டும் அசையாது. சில மாதம் கூட ஆகலாம்.

8. அறுப்பு

எடை இரண்டு மடங்கானதும் அறுக்கலாம். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில்; இல்லையென்றால் 10 நாளுக்கு ஒரு முறை. ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. முழுவதும் வழித்துவிட்டால் அடுத்த வாரம் தீனியின் சுமையைத் தாங்க ஆள் இருக்காது.

என் முறை இது. தண்ணீர் மாற்றும் நாளில், எடுத்த பழைய தண்ணீர் வாளியில் மொத்த உருண்டையையும் தூக்கிப் போடுவேன். இரண்டு கையாலும் தளர்த்தி அலசினால் பழுப்பு மண் மாதிரிக் கழிவு கலங்கி வரும். அதுவும் வெளியே போகிற சரக்குதான். பிறகு உள்ளேயிருந்து பழைய, மங்கிய நாரைப் பிரித்து எடுத்துவிட்டு, வெளிப்புறத்துப் புது நாரைத் திருப்பி வைப்பேன். எடுத்ததை வடிகட்டியில் 5 நிமிடம் வடியவிட்டு, சமையல் தராசில் எடை. ஒவ்வொரு தடவையும் அதே 5 நிமிடம் வடியவிட்டால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

காலர்ப்பா வைத்திருப்பவர்கள் கத்தரியால் கண்டபடி வெட்டாதீர்கள். வெட்டிய வாயில் சாறு வடியும். ஓடுதண்டோடு நீளமாக உருவி எடுப்பதே நல்லது.

அறுத்ததை என்ன செய்வது? தொட்டி மீனுக்கே போடுகிறேன் என்பார்கள். மீன் தின்று கழித்தால் எல்லாம் திரும்பத் தொட்டிக்குள்தானே? ஆசைக்கு ஒரு கிள்ளு போடலாம், அதை அறுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் வெயிலில் காயவைத்து, நன்றாக அலசித் தென்னைக்கு அடியில் போடுகிறேன். ஊருணியிலோ கடலிலோ கொட்டவே கூடாது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பவளத்தின் மேல் படர்ந்த கதை நம் கண்ணெதிரே இருக்கிறது.

9. கரண்ட் போகும் நாட்கள்

பிளக்கில் செருகும், முள் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேர வெட்டு நான்கு தடவை வந்தால் உங்கள் இரவு விளக்கு காலையில் எரியும். புதியவர்கள் பிஎச் ஏன் ஆடுகிறது என்று தலையைச் சொறிவார்கள். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

இன்வெர்ட்டரில் எதைக் கொடுப்பது? மேல் தொட்டி வேவ் மேக்கரை முதலில், அப்புறம் மோட்டார். பாசி விளக்கு வேண்டாம். இருட்டில் பாசியும் ஆக்சிஜன் எடுக்கும் என்பதால் ஓட்டம் நின்ற சம்ப்பில் காற்றுக்கல் ஒன்று குமிழ் விடட்டும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், மற்றதில் மோட்டார் முனகும், சூடாகும்.

10. எப்போது நிறுத்துவது, அழுகினால் என்ன செய்வது

நைட்ரேட் 2-க்குக் கீழேயும் பாஸ்பேட் 0.02-க்குக் கீழேயும் போய்விட்டால் அடுத்த அறுப்புக்கு முன் விளக்கை இரண்டு மணி நேரம் குறையுங்கள். பவளத்துக்குள் வாழும் பாசிக்கும் இதே சாப்பாடுதான், அது பட்டினி கிடந்தால் நிறம் வெளிறும். மணலில் குமிழோடு பழுப்புச் சளி படர்ந்தால் அது டைனோ (டைனோஃபிளாஜெலேட் என்னும் நுண்ணுயிர்). அளவுகள் பூஜ்யமான தொட்டியில் அது வருவது வழக்கம், வந்தால் ஒழிப்பது மயிர்ப்பாசியை ஒழிப்பதைவிடக் கஷ்டம். பாசியின் அளவைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். நேரத்தை மறுநாளே கூட்டிக்கொள்ளலாம், பாசியை மறுபடி வளர்க்க மாதமாகும்.

ஒருநாள் காலையில் உருண்டை வெளுத்து, தண்ணீர் பால் மாதிரி மங்கியிருந்தால் யோசிக்க நேரமில்லை. மொத்தத்தையும் வெளியே எடுங்கள், காற்றுக்கல் போடுங்கள், கார்பன் பையை வையுங்கள், 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், அன்று தீனி வேண்டாம். மறுநாள் அளந்து பார்த்துவிட்டு இன்னொரு 20.

புதுப் பாசிக்கு மறுபடி சென்னை பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தேவகோட்டை நண்பர் தொட்டியில் என்னுடைய கீட்டோ ஒரு கைப்பிடி எப்போதும் கிடக்கிறது, அவருடையது என்னிடம். போன ஐப்பசியில் அவருக்குத் தேவைப்பட்டது.